மடி உதறும் வாசல்

நாங்கள் வேர்க்கடலை பொறுக்கிய மல்லாட்டை மில்லை வெளியூர் ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கப் போகிறார்கள் என்ற சேதியை முதலில் கொண்டுவந்தவள் என் நாத்தனார்தான். நான் அப்போது சிதம்பரத்தில் மகள் வீட்டில் இருந்தேன். சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் மூடிய மில். அதற்கப்புறம் நாலைந்து வருஷம் ஓடியிருந்தது. பாதையை அகலப்படுத்துகிறோம் என்று ரயிலை நிறுத்தி வைத்திருந்த காலம். அவள் கடலூர் முதுநகரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“அண்ணி, சேதி தெரியுமா? நம்ம மில்லுக்கு ஓடு மாத்தி, லைட்டு போட்டு, சனங்க வந்து பாக்கறாப்புல ஆக்கறாங்க. டிக்கெட்டு உண்டாம்.”

“பாக்கறதுக்கு அங்க இன்னாடி இருக்குது? எலிதான் இருக்குது.”

“எலிய வெரட்டிட்டாங்க. சம்பளம் குடுத்து நம்மள உள்ள விட்டாங்க. இவுங்க காசு குடுத்துட்டு உள்ள போவப் போறாங்களாம். காலத்தப் பாரு.”

காப்பி கொண்டுவந்த என் மகள் சிரித்தாள். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர், விவரம் தெரிந்தவள். “அத்தை, வெளியூர்க்காரங்க இங்க கோயிலப் பாக்கறாங்க, பிச்சாவரத்துல படகு ஏறறாங்க, அப்புறம் நேரா பாண்டிச்சேரி போயிடறாங்க. நடுவுல கடலூர்ல அவுங்கள எறக்கறதுக்கு ஒரு எடம் வேணாமா? பழைய மில்லு, பழைய கெடங்கு இதெல்லாம் பாக்கறதுக்குன்னே இப்ப ஜனங்க வராங்க” என்றாள்.

“வரட்டும். ஒங்கம்மா ஒக்காந்த எடத்துல சூடம் கொளுத்திட்டுப் போவட்டும்” என்றாள் நாத்தனார். அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான். என் வீட்டுக்காரரின் தங்கை. புருஷன் கடலில் போய், மூன்று பையன்களோடு நின்றவளை நான்தான் மில்லில் சேர்த்துவிட்டேன். அதற்கப்புறம் மில் மூடுகிற வரைக்கும் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம்.

அந்த மில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உப்பனாற்றங்கரையில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. யானை வந்து முட்டினாலும் அசையாத சுண்ணாம்புச் சுவர். திட்டக்குடி, விருத்தாசலம் பக்கத்திலிருந்து மல்லாட்டை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மிஷின் தோலை உடைத்துத் தள்ளும். பருப்பு எங்கள் முன்னால் மலை மாதிரி குவியும். சொத்தையைத் தனியாக, சுருங்கலைத் தனியாக, உடைசலைத் தனியாகப் பொறுக்கிப் போட்டு, முழுப் பருப்பை முறத்தில் ஏந்திக் கொட்ட வேண்டும். அதுதான் பெண்கள் வேலை. தூசி மூக்கில் ஏறும், கால் மரத்துப் போகும், ஆனாலும் வேலை எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கும் யாராவது ஒரு கை பருப்பை என் முன்னால் கொட்டினால் பேசிக்கொண்டே பிரித்துவிடுவேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பு விட்டுப்போய்ப் படுத்தபோது எங்களுக்குச் சோறு போட்டது அந்த மில். என் மகளை டீச்சருக்குப் படிக்க வைத்தது அந்த மில். அதை நான் எங்கேயும் மறைத்துப் பேசியதில்லை.

மில்லுக்கு இரண்டு வாசல். பெரிய வாசல் முதலாளி காருக்கும் லாரிக்கும். பக்கத்துச் சின்ன வாசல் எங்களுக்கு. சாயங்காலம் சங்கு ஊதியதும் பெண்கள் எல்லாரும் அந்தச் சின்ன வாசலில் வரிசையாக நிற்போம். வாச்மேன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பான். ஒவ்வொருத்தியும் அவன் முன்னால் நின்று, இடுப்பில் செருகியிருக்கும் மடியை அவிழ்த்து, இரண்டு கையாலும் பிடித்து உதறிக் காட்ட வேண்டும். பருப்பு எதுவும் விழவில்லை என்றால் தலையை ஆட்டுவான். அடுத்தவள் நகர்வாள். வெற்றிலைச் சுருக்குப்பையையும் பிரித்துக் காட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரைக்கும் இது நடந்தது. புதிதாக வந்த பெண்கள் முதல் நாள் அழுவார்கள். அப்புறம் பழகிவிடும்.

நான் அழவில்லை. எனக்கு ரோஷம்தான் வந்தது. என் மடியில் ஒரு பருப்பு இருக்காது, பார்த்துக்கோ என்று மற்றவர்களைவிட வேகமாக உதறுவேன். புடவை சவுக்கு மாதிரி சத்தம் போடும். வாச்மேன் ஸ்டூலைப் பின்னால் தள்ளிக்கொள்வான். “அண்ணி ஒதறினா வாச்மேன் மீசையே பறக்குது” என்று நாத்தனார் சொல்லி வரிசையையே சிரிக்க வைப்பாள். என் மடி சுத்தம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இல்லாதவர்களிடம் இருக்கிற பெருமை அதுதானே.

மில்லைப் புதுசாக்கும் வேலையை ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். மெட்ராஸ்காரி. கட்டடப் படிப்பு படித்தவள். கிராப்பு வெட்டிய தலை, என் மகள் வயதுதான் இருக்கும். நாத்தனாரிடம் விலாசம் விசாரித்துக்கொண்டு சிதம்பரத்துக்கே வந்து, எங்கள் வீட்டுக் கூடத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. என்ன வேலை செய்தீர்கள், எவ்வளவு நேரம் செய்தீர்கள் என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் ஒரு காகிதத்தில் மில்லைப் படமாக வரைந்து கொண்டுவந்திருந்தாள். அதைத் தரையில் விரித்துவிட்டு, “இதுல உங்க எடம் எதும்மா?” என்றாள்.

அந்த மில்லில் என் கூலியைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், என் முறத்தைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அங்கே ஒரு இடம் இருந்தது என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் விரலை வைத்தேன். அவள் அதில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொண்டாள். அந்த வட்டத்துக்காகவே நான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்றுதான் சொன்னேன். அவளும் மீன் குழம்பு போட்டுக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டாள்.

திறப்பு விழாவுக்குப் பழைய ஆட்கள் என்று எங்களில் ஆறு பேரைக் கூப்பிட்டார்கள். மகள் அவளுடைய பட்டுப்புடவையைக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். நான் என் சுங்குடிப் புடவையையே கட்டிக்கொண்டு போனேன். மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். எங்களைப் பெரிய வாசல் வழியாக உள்ளே கூட்டிப் போனார்கள். மாலை போட்டார்கள். நாங்கள் தரையில் உட்கார்ந்து பொறுக்கிய அதே கொட்டகையில் நாற்காலி போட்டு, தலைக்கு மேலே ஃபேன் சுற்ற, எங்களை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். மிஷினுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஓடுகிற மிஷினைத்தான் நான் பார்த்திருக்கிறேன். சும்மா நிற்கும்போது அது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று தெரியாது. மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் ஒரு பழைய முறமும் ஒரு மணையும் வைத்து, மேலே விளக்குப் போட்டிருந்தார்கள். நாத்தனார் என் காதில், “பாத்தியா, சூடந்தான் கொளுத்தல” என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

அப்புறம்தான் அது நடந்தது.

விழா முடிந்து டீயும் போண்டாவும் கொடுத்தார்கள். பெரிய வாசலில் கார்கள் நின்றதால் எல்லாரையும் சின்ன வாசல் வழியாக வெளியே போகச் சொன்னார்கள். நாத்தனார் முன்னால் போனாள், அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் மற்ற நாலு பேர். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே போய் நின்றதும் நாத்தனார் மடியை அவிழ்த்து உதறினாள். நானும் உதறினேன். எனக்குப் பின்னால் நாலு பேரும் வரிசையாக நின்று உதறினார்கள். மூளைக்குத் தெரியவில்லை, கை செய்துவிட்டது.

நாத்தனார் மடியிலிருந்து பேரனுக்காக முடிந்து வைத்திருந்த மூன்று போண்டா போலீஸ்காரர் பூட்ஸின் மேல் விழுந்தது. அவர் பதறி எழுந்து, “இன்னா பெரியம்மா, எனக்கு எதுக்கும்மா?” என்றார். சுற்றி நின்ற வெளியூர் ஜனங்கள் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். இதுவும் விழாவில் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. கை தட்டல் கேட்ட பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. முந்தானை கையிலேயே இருந்தது. அதைச் செருகிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. கழுத்தில் போட்ட மாலை பாரமாகிவிட்டது.

மறுநாள் அந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளும் மேனேஜர் நாத்தனார் வீட்டுக்கே வந்தார். இரவு நானும் அங்கேதான் தங்கியிருந்தேன். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். “அம்மா, நேத்து நீங்க கேட்டுல செஞ்சீங்களே, அத எல்லாரும் ரொம்ப ரசிச்சாங்க. சனி, ஞாயிறு சாயங்காலம் நீங்க ஆறு பேரும் வரிசையா நின்னு அத மட்டும் செஞ்சி காட்டினா போதும். சம்பளம் குடுத்துடறோம். டீ, டிபன் உண்டு” என்றார்.

நாத்தனார் முகம் மலர்ந்துவிட்டது. அவள் அப்போது கருவாடு காயவைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வெயிலில் நின்று நின்று அவள் கால் வீங்கிக் கிடந்தது. நிழலில் நின்று செய்கிற வேலை அவளுக்குக் கோயில் பிரசாதம் மாதிரி. “செஞ்சிட்டாப் போச்சி தம்பி” என்றாள்.

“நான் செய்ய மாட்டேன்” என்றேன்.

மேனேஜர் எங்கள் இருவரையும் பார்த்தார். ஆறு பேர் வரிசை வேண்டும், யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுந்து போய்விட்டார். நான் மாட்டேன் என்றால் மற்ற நாலு பேரும் வரமாட்டார்கள், அது அவளுக்குத் தெரியும். மில்லில் நான்தான் மூத்தவள். நான் எழுந்தால்தான் அவர்கள் எழுவார்கள்.

“ஏன் அண்ணி, அப்ப தெனம் ஒதறினியே. அப்ப ஒன் கௌரவம் எங்க போச்சி?”

“அப்ப வேற வழியில்ல, ஒதறினேன். இப்ப எதுக்குடி ஒதறணும்?”

“ஒனக்கு எதுக்கு? மவ வீட்டுல ஃபேனுக்குக் கீழ ஒக்காந்துக்கினு பேசுவ. எனக்கு மருமவ கையப் பாக்கணும். ஒதறினா இன்னா தேஞ்சா பூடுவ?”

“திருடின்னு நெனச்சிதான்டி ஒதறச் சொன்னான். அத வேடிக்க காட்டச் சொல்றியா?”

“நீ ஒருத்திதான் மானம் உள்ளவ. நாங்கல்லாம் மானத்த வித்துட்டு வந்தவளுங்க. போ, ஒன் மவ வீட்டுக்கே போ” என்று திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

நான் சிதம்பரத்துக்கு வந்துவிட்டேன். ஒரு வாரம் சாப்பாடு ருசிக்கவில்லை. நான் மாட்டேன் என்றால் அவளுக்கு நிழல் கிடையாது. சரி என்றால் மறுபடியும் ஒரு ஸ்டூலுக்கு முன்னால் நின்று நான் திருடி இல்லை என்று காட்ட வேண்டும், அதுவும் கை தட்டலுக்கு. மகளிடம் சொன்னேன். அவள் எனக்குப் புத்தி சொல்லவில்லை. “மில்லப் படம் வரைஞ்சி எடுத்துக்கிட்டு வந்தாங்களே, அந்த அக்காகிட்ட நேராப் போயி பேசும்மா. அவுங்க கேக்கறவங்க” என்றாள்.

பஸ் ஏறிப் போனேன். அந்தப் பெண் மில்லில்தான் இருந்தாள், ஏணியில் நின்று ஒரு ஜன்னல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து, என்னோடு சின்ன வாசல் படியில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“கண்ணு, நாங்க காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் செஞ்சது பொறுக்கற வேல. மடி ஒதறினது வேல முடிஞ்சப்புறம் அவுங்க எங்களச் செய்ய வெச்சது. பொறுக்கறதக் காட்டச் சொன்னா நாளெல்லாம் ஒக்காந்து காட்டறேன். இத மட்டும் கேக்காத.”

அவள், “கேக்க மாட்டேம்மா. ஆனா ஒரு சந்தேகம். நீங்க செஞ்சி காட்டலைன்னா, இங்க இப்படி நடந்துதுன்னே வர்றவங்களுக்குத் தெரியாமப் போயிடுமே. பச்சைப் பெயின்ட் அடிச்ச மிஷினப் பாத்துட்டு, அழகா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அது சரியா?” என்றாள்.

அது நியாயமான கேள்வி. நான் யோசிக்காதது. வாசல் சுவரைப் பார்த்தேன். பெண்கள் தோள் உரசி உரசி அந்த இடத்தில் சுண்ணாம்பு வழவழவென்று ஆகியிருந்தது. அதைப் பூசி மறைக்காமல் விட்டிருந்தாள்.

“மறைக்கச் சொல்லல கண்ணு. நானே சொல்றேன், இந்த வாசல்லயே நின்னு. வாயால சொல்லுவேன். கையால செய்ய மாட்டேன்.”

அவள் சிரித்தாள். மேனேஜரைக் கூப்பிட்டுப் பேசினாள். அவர் கொஞ்சம் இழுத்தார், வந்தவர்களுக்குப் பார்க்க ஏதாவது வேண்டும் என்றார். கடைசியில் நாத்தனாரும் மற்ற நாலு பேரும் கொட்டகையில் உட்கார்ந்து பொறுக்கிக் காட்டுவது, வருகிறவர்களும் கூட உட்கார்ந்து பொறுக்கிப் பார்க்கலாம், போகும்போது வாசலில் நான் பேசுவது என்று முடிவானது. அந்தச் சம்பளமே ஆறு பேருக்கும். அன்றைக்கு அந்தப் பெண் எனக்காகப் பேசியிருக்காவிட்டால் நான் இதையெல்லாம் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நாத்தனாரிடம் போய்ச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல், “ஃபேனு இருக்குமா?” என்றாள். இருக்கும் என்றேன். “அப்ப சரி” என்றாள். எங்கள் சண்டை அவ்வளவுதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் நிறையப் பெண்கள் வந்தார்கள். திட்டக்குடிப் பக்கத்துக்காரர்கள். சிதம்பரத்தில் சாமி கும்பிட்டுவிட்டு வருகிற வழி. மல்லாட்டை விதைக்கிறவர்கள். கொட்டகையில் முறத்தை வாங்கி அவர்கள் புடைத்த புடைப்பில் எங்கள் ஆட்களே எழுந்து நின்றுவிட்டார்கள். “எங்க காட்டு மல்லாட்ட இங்கயா வந்துது?” என்று தூணையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சாயங்காலம் சின்ன வாசலுக்கு வந்ததும் நான் ஆரம்பித்தேன். வரிசை, ஸ்டூல், மடி, சுருக்குப்பை எல்லாம் சொன்னேன். பின்னால் நாத்தனார் முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லை. ஒரு அம்மாள் தன் மடியைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த அம்மாள்தான் கேட்டாள். “ஏம்மா, தெனம் அவ்வளோ பருப்பு கையில பொரளுது. ஒரு நாளு ஒரு பிடி கூடவா எடுத்துக்கல?”

நான் நிமிர்ந்து நின்றேன். “ஒரு பருப்பு எடுத்ததில்ல. என் மடி சுத்தம்.”

“நான் எடுத்தேன்” என்றாள் நாத்தனார் பின்னாலிருந்து.

எல்லாரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன்.

“ஒரு நாளா ரெண்டு நாளா, வாரத்துக்கு நாலு நாளு எடுத்தேன்.”

“மடியத்தான் ஒதறச் சொல்றாங்களே, எங்கடி வெச்ச?” என்றேன்.

“மடியில எதுக்கு வெக்கறேன்? கொண்டையில. மடியப் பாப்பான், பையப் பாப்பான். பொம்பள தலையில கை வெப்பானா அவன்? வெச்சா வீடு போயி சேருவானா?”

திட்டக்குடிப் பெண்கள் சிரித்த சிரிப்பு உப்பனாற்றுக்கு அந்தக் கரையில் கேட்டிருக்கும். ஒரு பெண் தன் கொண்டையைத் தட்டிக் காட்டி, “இதுல அரப்படி புடிக்கும்” என்றாள். மேனேஜர்கூட வந்து நின்று சிரித்தார். நான் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

“யாருக்குடி எடுத்த?”

“புள்ளைங்களுக்குத்தான், வேற யாருக்கு? என் பசங்க மூணு பேருக்கும், ஒன் மவளுக்கும்.”

என் வீட்டுக்காரர் இடுப்பு விட்டுப் படுத்திருந்த காலம் எனக்கு ஞாபகம் வந்தது. கூடுதல் வேலைக்கு நான் இரண்டாவது சங்கு வரைக்கும் மில்லில் இருப்பேன். மகள் பள்ளிக்கூடம் விட்டு அத்தை வீட்டில்தான் இருப்பாள். அவளை அழைக்கப் போகும்போது வறுத்த மல்லாட்டையும் வெல்லமும் தின்றுகொண்டிருப்பாள். ஏது என்று கேட்டால் கடையில் வாங்கியது என்பாள் நாத்தனார். அந்தக் காலத்தில் என் மகள் இளைக்கவில்லை, நோயில் விழவில்லை. நான் சாமிக்கு நன்றி சொன்னேன். என் மடி சுத்தம் என்று இவள் முகத்துக்கு நேராகவே எத்தனை முறை சொல்லியிருப்பேன். ஒரு தடவைகூட அவள் வாயைத் திறக்கவில்லை. மானத்தைப் பற்றிச் சண்டை போட்ட அன்றைக்குக்கூட இதை எடுத்து என் மேல் வீசவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கேட்டேன். “இத்தன வருஷம் சொல்லாதவ, இன்னிக்கி ஏன்டி சொன்ன?”

“அப்பச் சொல்லியிருந்தா அழுதிருப்ப. மில்லுக்கு ஓடிப்போயி நீயே சொன்னாலும் சொல்லியிருப்ப. இப்ப மொதலாளியும் இல்ல, வாச்மேனும் இல்ல. கேட்டவங்க சிரிச்சாங்க. அது போதும்.”

அடுத்த வாரத்திலிருந்து என் மடி சுத்தம் என்ற பேச்சை விட்டுவிட்டேன். மடியைப் பற்றி நான் சொல்லி முடிப்பேன். கொண்டையைப் பற்றி அவள் சொல்வாள். அவள் பங்குக்குத்தான் ஜனங்கள் ஜாஸ்தி காத்திருந்தார்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சிதம்பரம் வந்து சேர்ந்ததும் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஆச்சரியப்படுவாள் என்று பார்த்தேன்.

“எனக்குத் தெரியும்மா” என்றாள். “அத்தை வீட்டுக்கு வந்து கொண்டைய அவுக்கறப்ப நாங்க நாலு பேரும் கீழ கையேந்திக்கிட்டு நிப்போம். தலைய ஆட்டி ஆட்டிக் கொட்டுவாங்க. எல்லாப் பருப்புலயும் தேங்காயெண்ண வாசம் அடிக்கும்.”